அரை விநாடிப் பல்

பல் டாக்டரின் மருத்துவமனைக்கு நேர் மேலே, முதல் மாடியில், முன்னோட்ட ஆராய்ச்சி மன்றம் இருந்தது. வரப்போகும் சினிமாவின் ட்ரெய்லரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, படத்தில் யார் யாரைக் கொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து அறிவிப்பது மன்றத்தின் பணி. ட்ரெய்லர் என்ற சொல்லை உள்ளே உச்சரிக்கக் கூடாது. முன்னோட்டம் என்றே சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொல்லிவிட்ட ஒரு புது உறுப்பினரைப் படிக்கட்டில் உருட்டி விட்டார்கள். அவர் உருண்டு வந்து நின்ற இடம் பல் டாக்டரின் வாசலாக இருந்தது அவருடைய நல்ல காலம்.

மன்றத்தில் பிரிவுகள் பல. சுவரில் விழும் நிழலை மட்டும் ஆராய்வது நிழல் பிரிவு. கண்ணாடியிலும் காபிக் கோப்பையிலும் தெரியும் முகங்களை ஆராய்வது பிரதிபலிப்புப் பிரிவு. பின்னணி இசைக்கு ஒரு பிரிவு, அடி உதைக்கு ஒரு பிரிவு. ஆராய்ச்சி சூடு பிடிக்கும் நாட்களில் மேலே நாற்காலி உடையும். கீழே கூரைச் சுண்ணாம்பு நோயாளியின் திறந்த வாய்க்குள் உதிரும். "கொஞ்சம் வாயை மூடிக்குங்க, மேல சிந்திக்கறாங்க" என்பார் டாக்டர். அரை மணி நேரத்தில் சிந்தித்தவர்களில் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார். மாடியால் டாக்டருக்குப் பிழைப்பு நன்றாக ஓடியது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

டாக்டர் சாது. வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட மனைவிதான் அடிப்பாள். ரத்தத்தைப் பார்க்க அவருக்குப் பயமில்லை, அது தொழில். வேலை மெனக்கெட்டு இன்னொருவன் ரத்தத்தை வரவழைப்பதில் என்ன சுகம் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. அவர் மாடியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய மச்சினன் அங்கே உறுப்பினராகித் தொலைத்திருந்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அக்கா வீட்டோடு வளர்ந்தவன். வந்த புதிதில் அவன் பற்கள் பேருந்துக் கதவில் முண்டியடிக்கும் கூட்டம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. டாக்டர் கம்பி போட்டு, மாதா மாதம் முறுக்கி, மூன்று வருஷத்தில் அத்தனையையும் வரிசையில் நிறுத்தினார். அதன் பிறகுதான் பையன் ட்ரம்பெட் வாசிக்கக் கற்றான். ட்ரம்பெட்டுக்கு மூச்சு மட்டும் போதாது, உதட்டுக்குப் பின்னால் முன்பற்கள் அணைச்சுவர் மாதிரி நிற்க வேண்டும். அவன் ஊதும்போது ஊர் பாட்டைக் கேட்கும், டாக்டர் பல்லைக் கேட்பார். இப்போது பயணிகள் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் கப்பல் ஏற வேண்டும். அக்காவும் அத்தானும் வெளியே காட்டிக்கொள்ளாமல் பெருமையில் மிதந்தார்கள்.

பையனுக்குக் கப்பலைவிட மன்றம் பெரிதாக இருந்தது. அவன் அங்கே தற்காலிக உறுப்பினன், கடைசி வரிசை, பேச அனுமதி இல்லை. முழு உறுப்பினர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளைச் சின்னத்தை அவன் பார்க்கும் பார்வையில் கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலையில் 'கடைசிக் குண்டு' படத்தின் இரண்டாம் பாகத்துக்கு முன்னோட்டம் வந்தது. முதல் பாகத்திலேயே சுட்டது கடைசிக் குண்டு என்றால் இரண்டாம் பாகத்தில் எதைச் சுடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் இப்போது மன்றத்தில் இல்லை. அது ஓர் உளவாளிப் படம். முதல் பாகத்தின் கடைசியில் உளவாளியின் கூட்டாளி நெஞ்சில் குண்டு வாங்கிக்கொண்டு அணைக்கட்டின் உச்சியிலிருந்து தண்ணீரில் விழுந்தான். அவன் செத்தானா இல்லையா என்பதில் மன்றம் இரண்டாகப் பிளந்தது. செத்தவர் அணிக்குத் தலைமை மன்றத் தலைவரே, ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர். சாகாதவர் அணிக்குத் தலைமை செயலாளர், ஜெராக்ஸ் கடைக்காரர். ஒரே சமாதானக் கூட்டம் நடந்தது, அதில் ஐந்து பேருக்குத் தையல் போட வேண்டியதாயிற்று.

புது முன்னோட்டத்தில் கழுத்துகள் முறிந்தன. லிஃப்ட் கதவில் ஒரு கை நசுங்கியது. ஒரு கிழவர் காரோடு எரிந்தார். இவை எல்லாம் மன்றத்தாரைச் சலனப்படுத்தவில்லை. நடுவில், முகம் தெரியாத யாரோ முகம் தெரியாத யாரையோ குத்த, ஒரு பல் மட்டும் சுழன்றபடி திரையைக் கடந்து போனது. அரை விநாடி. அந்த அரை விநாடியில் மன்றம் எழுந்து நின்றது.

யார் பல்?

கொஞ்ச நேரத்தில் செயலாளர் புருவத்தில் ரத்தம் வழிய டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். டாக்டர் பஞ்சை எடுத்தார்.

"எனக்கு வைத்தியம் வேண்டாம் டாக்டர். உங்க அபிப்பிராயம் வேணும். மேல வாங்க."

மேலே போனபோது இரண்டு அணியும் நடுவில் உடைந்த மேஜையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. திரையில் பல் அந்தரத்தில் நின்றது. கடைசி வரிசையிலிருந்து மச்சினன் பெருமையோடு கையசைத்தான். தலைவர் எழுந்தார்.

"டாக்டர், நீங்க படிச்சவர். நடுநிலையானவர். இந்தப் பல்லைப் பாருங்க. என்ன தோணுது?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். யாரோ சுண்ணாம்பில் செய்து வெள்ளை பூசிய பொம்மைப் பல். வேர்கூட ஒழுங்காக வைக்கவில்லை.

"இதுல பாக்க என்னங்க இருக்கு? இது பொய்ப்பல்லு."

அந்த ஒரு வார்த்தைதான் அவர் சொன்னது. அடுத்த கணம் சாகாதவர் அணி கூரை இடிய ஆர்ப்பரித்தது. செயலாளர் டாக்டரின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"கேட்டீங்களா! பொய்ப்பல்லு! முதல் பாகத்துல சீட்டாட்ட மேஜையில கூட்டாளி ஒரே ஒரு தடவை சிரிக்கறான், மேல் வரிசையில ஒரு பல்லு மட்டும் தனியா மின்னுது. அது கட்டுன பல்லுன்னு நான் அப்பவே சொன்னேன். என்னை மாடிப்படியில தள்ளினீங்க. இப்போ அதே பல்லு பறக்குது. பல்லு பறந்தா வாய் இருக்கு. வாய் இருந்தா ஆள் இருக்கான்!"

"ஐயோ, நான் சொன்னது அது இல்லீங்க" என்றார் டாக்டர். "இது பொம்மை. படத்துக்காக செஞ்ச பல்லு."

தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"டாக்டர், 'படத்துக்காக செஞ்சது'ன்னு எல்லாம் இங்க பேசாதீங்க. இது மனசு சம்பந்தப்பட்ட இடம். பல்லைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

அதற்குள் நிழல் பிரிவுத் தலைவர் பிரதிபலிப்புப் பிரிவுத் தலைவரின் காதைக் கடித்துவிட்டார். மேற்கொண்டு நடந்ததை டாக்டர் மேஜைக்கு அடியிலிருந்து பார்த்தார். கேமரா தாங்கும் முக்காலி ஒருவர் விலாவில் இறங்கியது. இன்னொருவர் தலையில் பூந்தொட்டி உடைந்தது, மண்ணோடு. அடி உதைப் பிரிவின் தலைவர் யாரையும் அடிக்கவில்லை. அவர் உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர், பட்டப்பெயர் சுத்தியல். ஓரமாக நின்று, குத்துகளின் கோணத்தைக் கவனித்து, "தோளைத் திருப்பாம குத்தறான், வேஸ்ட்டு" என்று விமர்சனம் செய்துகொண்டிருந்தார்.

எல்லோரும் களைத்த பிறகு தலைவர் உரையாற்றினார். அவர் சட்டையில் இருந்த ரத்தம் அவருடையது அல்ல.

"நாம காட்டுமிராண்டிங்க கிடையாது. கருத்து வேற்றுமைன்னா கடிச்சுக்கறதுக்கு நாம என்ன சட்டசபையா? நாம ஆராய்ச்சியாளர்கள். செயலாளர் சொல்றாரு, நிஜப்பல்லு குத்தினா உடையும், பொய்ப்பல்லுதான் முழுசா பறக்கும்னு. நான் சொல்றேன், சரியா குத்தினா நிஜப்பல்லும் முழுசா பறக்கும். எது உண்மை? குத்திப் பாத்துடுவோம். பொய்ப்பல்லு வெச்ச ஒரு வாய், நிஜப்பல்லு வெச்ச ஒரு வாய். ரெண்டையும் ஒரே கை, ஒரே கோணத்துல குத்தணும். கேமராவில பிடிச்சு முன்னோட்டத்தோட ஒப்பிட்டுப் பாப்போம். நிஜப்பல்லு தர்றவருக்கு அன்னைக்கே முழு உறுப்பினர் சின்னம்."

கடைசி வரிசையில் ஒரு கை விருட்டென்று உயர்ந்தது.

"என் பல்லு எல்லாமே நிஜம் தலைவரே! அத்தானையே கேளுங்க!"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. சுத்தியல் வந்து பையனின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி தட்டிப் பார்த்து, "அருமையான வரிசை" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முதலில் நம்பவில்லை. பிறகு தம்பியின் கன்னத்தில் விட்டாள் ஒன்று.

"கன்னத்துல அடிக்காதே அக்கா, பல்லு ஆடிடுச்சுன்னா ஆராய்ச்சி கெட்டுடும்!"

"ஆராய்ச்சியா? முன்பல்லு போச்சுன்னா எதை வெச்சுடா ஊதுவ? கப்பல்ல போய்ப் பாத்திரம் கழுவுவியா?"

"ஒரு பல்லுதானே. அத்தான் கட்டிக் குடுத்துடுவாரு."

டாக்டர் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "சுத்தியல் குத்தினா ஒரு பல்லோட நிக்காதுடா. தாடை எலும்பு உடையும். உதடு கிழியும். தையல் போட்ட உதட்டுல ட்ரம்பெட் நிக்காது. நான் எவ்வளவு கட்டினாலும் அது நீ ஊதின வாய் ஆகாது." பையன் தரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "எத்தனை நாள் அத்தான் கடைசி வரிசையில உக்காந்திருப்பேன்?" என்றான்.

மன்றத்தில் பொய்ப்பல் வைத்த வாய் ஒன்று வேண்டியிருந்தது. கேட்டுப் பார்த்தார்கள், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோர் வாயையும் டாக்டர் சோதித்துச் சொல்லட்டும் என்று முடிவானது. அன்று சாயங்காலமே தலைவர் தனியாகக் கீழே வந்தார். வாசல் கதவைத் தாழிட்டார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, மேல் வரிசை முன்பற்கள் நான்கையும் பிளேட்டோடு கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். டாக்டரே செய்து கொடுத்த செட்தான்.

"தொழில் ரகசியம்னு ஒண்ணு இருக்கு டாக்டர்" என்றார். பல் இல்லாததால் 'தொழில்' காற்றாக வந்தது.

"நான் யார்கிட்டேயும் சொன்னதில்லை."

"இனியும் சொல்லக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. பறந்தது நிஜப்பல்லுதான்னு இத்தனை நாளா நான் வாதாடறேன். என் வாயிலேயே பொய்ப்பல்லுன்னா என்ன ஆகும்? கொள்கைக்காக நாங்க சிந்தின ரத்தம் வீணாப் போகுமே!"

"நீங்க சிந்தினீங்களா?"

"உறுப்பினர்கள் சிந்தினாங்க. அதுக்காக அது ரத்தம் இல்லைன்னு ஆயிடுமா?"

டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேரம் பேசினார். தான் வாயைத் திறக்க மாட்டார். பதிலுக்குத் தலைவர் மச்சினன் பேரை ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட வேண்டும். "இவ்வளவுதானா?" என்றார் தலைவர். பல்லை மாட்டிக்கொண்டு, அதனாலேயே வாயாரச் சிரித்து, கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவு டாக்டர் நன்றாகத் தூங்கினார். ஏமாளிகளுக்குத்தான் அப்படித் தூக்கம் வரும்.

ஆராய்ச்சி நாளன்று காலையில் நாலு பேர் வந்து டாக்டரின் நோயாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். தலை ஆடாமல் இருக்க அதுதான் வசதியாம். பின்னாலேயே ஓடினார் டாக்டர். வரிசையாக வாய்களைத் திறந்து காட்டினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, தலைவர் வாயையும் பார்த்து, "யாருக்கும் பொய்ப்பல்லு இல்லை" என்றார். சொல்லும்போது தலைவரின் கண்ணைப் பார்த்தார். தலைவர் மிகுந்த நட்போடு பார்த்தார்.

"அன்பர்களே" என்று தலைவர் தொடங்கினார், "பொய்ப்பல்லு நம்ம மன்றத்துல இல்லைங்கறது நமக்குப் பெருமை. அதனால பாதி ஆராய்ச்சியாவது நடத்துவோம். நிஜப்பல்லைக் குத்துவோம். பையனை உக்கார வைங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தலைவரே! அவன் பேரை அடிச்சுடறேன்னு சொன்னீங்களே!"

"அடிச்சுட்டேனே" என்றார் தலைவர் கனிவாக. "பேரோட ஒருத்தரைக் குத்தினா அது தனிப்பட்ட விரோதம். விஞ்ஞானத்துல அதுக்கு இடமில்லை. அதனால பேரை அடிச்சாச்சு. இப்போ அது வெறும் வாய்."

சபை இந்த நுட்பத்தை ரசித்தது. வெறும் வாய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. நெற்றியில் தோல் வாரைப் போட்டு இறுக்கினார்கள். கேமரா ஓட ஆரம்பித்தது. சுத்தியல் மேல்சட்டையைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, ஒத்திகைக்காக ஒரு மரக் கதவைக் குத்தினார். கதவில் ஓட்டை விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பையனின் கண்ணில் முதல்முறையாகப் பயம் வந்தது. ஆனால் பித்தளைச் சின்னம் எதிரே தட்டில் இருந்தது. அவன் உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டினான். ஒவ்வொரு பல்லும் தன் இடத்தில் நின்றது. எந்தப் பல்லை எந்த மாதம் எவ்வளவு நகர்த்தினோம் என்று டாக்டருக்கு நினைவிருந்தது.

"தலைவரே, வேண்டாம்" என்றார். "செயலாளரே, நீங்களாவது சொல்லுங்க. அவன் ஊதிப் பிழைக்கிறவன்."

"உணர்ச்சிவசப்படாதீங்க டாக்டர்" என்றார் செயலாளர். "பல்லு உடைஞ்சா எங்களுக்கு வெற்றி, முழுசா பறந்தா அவங்களுக்கு. உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை."

சுத்தியல் தோளைத் திருப்பிக் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

அப்போது டாக்டருக்குள் என்னவோ அறுந்தது. கரப்பான் பூச்சியையும் அடிக்காத கை அது. பக்கத்தில் நின்றுகொண்டு, கனிவான முகத்தோடு, "ம், ஆரம்பிக்கலாம்" என்று சொல்ல வாய் திறந்த தலைவரின் முகத்தில் அது போய் இறங்கியது. நல்ல குத்து. சுத்தியலே திரும்பிப் பார்த்தார்.

தலைவரின் வாயிலிருந்து நாலு பல்லும் பிளேட்டோடு கிளம்பின. விளக்கு வெளிச்சத்தில் சுழன்று, உடையாமல், ஒரு சொட்டு ரத்தமில்லாமல், திரையில் வந்த அதே வளைவில் அறையைக் கடந்து, சின்னம் இருந்த தட்டில் டங்கென்று விழுந்தன.

"கேமரா ஓடுதா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஓடியது.

சாகாதவர் அணி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதது. செத்தவர் அணி தன் தலைவர் மேலேயே பாய்ந்தது. "பொய் வாயா! உன்னை நம்பி என் விலா எலும்பைக் குடுத்தேனேடா!" என்று ஒருவர் அவர் வயிற்றில் ஏறி மிதித்தார். நிழல் பிரிவு அவர் காலைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தது, பிரதிபலிப்புப் பிரிவு கையைப் பிடித்து மறுபக்கம். இத்தனை நாளில் இரண்டு பிரிவும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். அந்தச் சந்தடியில் டாக்டர் நாற்காலியின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "எழுந்திருடா, ஓடிடலாம்."

"ஓடக் கூடாது" என்றது செயலாளரின் குரல். அவர் மேஜை மேல் ஏறியிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "அன்பர்களே, பாதி ஆராய்ச்சி மகத்தான வெற்றி! பொய்ப்பல்லு பறந்துடுச்சு. மீதிப் பாதியையும் முடிச்சுட்டா நம்மளை எவனும் கேள்வி கேக்க முடியாது. விதி என்ன? ஒரே கை, ஒரே கோணம். பொய்ப்பல்லைக் குத்தின கை யாரோடது?"

எல்லோரும் டாக்டரின் வலது கையைப் பார்த்தார்கள்.

டாக்டர் மாட்டேன் என்றார். கெஞ்சினார். கத்தினார். வாழ்க்கையில் சொல்லாத கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார், அதுவும் தப்பான உச்சரிப்பில். சுத்தியல் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் டாக்டர். கை உங்களோடது, வீச்சு என்னோடது. விதி கெடாது."

நாற்காலியிலிருந்து மச்சினன் மெல்லச் சொன்னான். "அடிங்க அத்தான். யாரோ அடிக்கறதுக்கு நீங்க அடிச்சா பரவாயில்லை." பயத்தில் அவன் உதடு நடுங்கியது. நடுங்கிய உதட்டுக்கு நடுவில் பற்கள் அசையாமல் நின்றன.

டாக்டர் தலையசைத்தார். "சரி. நானே குத்தறேன். கையை விடுங்க."

சுத்தியல் விட்டார். டாக்டர் கையை ஓங்கினார். ஓங்கிய வேகத்தில் திரும்பி, அறை நடுவில் கூரையைத் தாங்கி நின்ற இரும்புத் தூணில் குத்தினார். வலி தோள் வரை ஏறியது. இரண்டாம் முறை குத்தியபோது தோல் பிய்ந்து தூண் சிவந்தது. மூன்றாம் முறை எலும்புகள் உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சத்தம் முன்னோட்டத்தில் வருவதுபோல் கணீரென்று இல்லை என்று பின்னணி இசைப் பிரிவுத் தலைவர் குறைப்பட்டுக்கொண்டார்.

செயலாளர் மேஜையிலிருந்து இறங்கி வந்து, கோணல்மாணலாகத் தொங்கிய கையை உற்றுப் பார்த்தார்.

"கை தகுதி இழந்துடுச்சு" என்று அறிவித்தார். "ஆராய்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது."

மச்சினன் நாற்காலியிலிருந்து குதித்தான். அத்தானை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் படியிறங்கினான். வழி நெடுக ரத்தம் சொட்டியது. "ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க, ஏன் அத்தான்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே வந்தான். தட்டிலிருந்த சின்னத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தாலும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், எல்லோரும் தலைவரின் பல் பறந்ததை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பையன் கப்பல் ஏறினான். அங்கிருந்து அவன் வாசிக்கும் காணொளிகளை அக்காவுக்கு அனுப்புவான். அவள் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். டாக்டருக்கு எலும்பு ஒருவாறு கூடியது. விரல்கள் கூடவில்லை, மரக்கட்டையாக நீட்டியபடி நின்றுவிட்டன. அந்தக் கையால் பல் பிடுங்கும் குறடைப் பிடிக்க முடியாது. மருத்துவமனைக்கு ஓர் இளம் டாக்டரை வைத்தார். அவர் வேலை பார்ப்பார், இவர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பார். கேட்டவர்களிடம் கதவில் நசுங்கிவிட்டது என்றார். மச்சினன் தொலைபேசியில் கேட்டபோதும், "விரல் நல்லா மடங்குதுடா, நீ ஊது" என்றார்.

படம் வெளியான அன்று டாக்டர் போனார். அவர் பார்த்த முதல் சண்டைப் படம் அது. கண்ணை மூடவே இல்லை. குண்டுகள் வெடித்தன, தலைகள் தெறித்தன, பக்கத்து இருக்கைக்காரர் விசிலடித்தார். டாக்டர் ஒவ்வொரு குத்துக்கும் நாற்காலி நுனிக்கு வந்தார். பல் வரவில்லை. அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள் போலும். கூட்டாளி செத்தானா இல்லையா என்பதும் வரவில்லை, அவனைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கு போட்ட பிறகும் டாக்டர் உட்கார்ந்தே இருந்தார். துடைப்பக்காரர் வந்து எழுப்பினார்.

நேரே மாடிக்குப் போனார். தலைவர் நாற்காலியில் தலைவரே இருந்தார். உண்மைக்காகத் தன் பல்லையே தந்தவர் என்று இரண்டு அணியும் சேர்ந்து அவரை மறுபடி தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு டாக்டரிடம் புது செட் கட்டியிருந்தார், கொஞ்சம் பெரிது.

"படத்துல அந்தப் பல்லே இல்லை" என்றார் டாக்டர். "கேட்டீங்களா? அந்தப் பல்லே இல்லை. அரை விநாடி கூட இல்லை."

தலைவரின் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

"நீங்க படம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"டாக்டர்!" தலைவர் நிஜமாகவே புண்பட்டிருந்தார். "உங்களுக்காக ஆயுள் உறுப்பினர் சின்னம் தயார் பண்ணி வெச்சிருக்கோம். நீங்க போய்ப் படம் பாத்துட்டு வந்து நிக்கறீங்க! முன்னோட்டம்ங்கறது மூலம். படம் அதுக்கு யாரோ எழுதின உரை. உரைகாரன் தப்புத் தப்பா எழுதினா மூலம் பொய்யாயிடுமா? முன்னோட்டத்துல இருக்கற பல்லு படத்துல இல்லைன்னா, படத்துக்குத்தான் பல்லு இல்லை. நாங்க யாருமே அதைப் பாக்கப் போறதில்லை. உங்களை இனிமே உள்ள விட முடியாது. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, போயிட்டு வாங்க."

டாக்டருக்குக் கண் இருட்டியது. அந்தப் பெரிய புதுப் பல் வரிசை மட்டும் தெரிந்தது. குத்த வேண்டும். இந்த முறை தூணை இல்லை. வலது கையை ஓங்கினார். விரல்களை மடக்கப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் நடுங்க, மறுபடியும் மறுபடியும் பார்த்தார். ஒரு விரல்கூட மடங்கவில்லை. விரிந்த உள்ளங்கை அப்படியே உயரத்தில் நின்றது.

தலைவர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், பதிலுக்குக் கையை ஆட்டி விடைகொடுத்தார்.